பேழைச் சித்தரின் தேங்காய்

குன்றடிமேட்டுக்கு வயது மூவாயிரம். பஸ் ஸ்டாப்பில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸ் அப்படித்தான் சொன்னது. போன வருட ஃப்ளெக்ஸில் இரண்டாயிரம் என்று போட்டிருந்தார்கள். ஒரே வருடத்தில் ஆயிரம் வயது கூடிய ஊர் உலகத்திலேயே இது ஒன்றுதான். பெருமைப்பட அதுவே போதும். ஆனால் குன்றடிமேட்டார் அதோடு நிற்கிற ஆட்கள் இல்லை.

பொழிச்சலூரைத் தாண்டி, விமானங்கள் தலைக்கு மேல் இறங்கும் பாதையில் இருக்கிறது அந்த ஊர். அங்கே பிறந்தவர்கள் விமானத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. அது போகும்வரை வாயை மூடிக்கொண்டு, போனதும் விட்ட சொல்லிலிருந்து பேச்சைத் தொடர்வார்கள். கல்யாணத்தில் ஐயர் மந்திரமும் சர்ச்சில் பாஸ்டர் ஜெபமும்கூட அப்படித்தான் நடக்கும். சில வருடங்களுக்கு முன் பாதாளச் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டியபோது, சுட்ட மண்ணால் செய்த நீளமான தொட்டி ஒன்று வெளியே வந்தது. அடியில் வரிசையாகக் குட்டைக் கால்கள். இறந்தவர்களை வைத்துப் புதைத்த ஈமப்பேழை என்று அதிகாரிகள் சொன்னார்கள். வைக்கோல் சுற்றி, வண்டியில் ஏற்றி மியூசியத்துக்குக் கொண்டு போனார்கள். பேழை போய்விட்டது, பெருமை மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது.

அன்றிலிருந்து வருடந்தோறும் தொல்லூர்த் திருவிழா. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிறுத்தைப் புள்ளித் துணியைச் சுற்றி, கையில் தெர்மாகோல் கோடாலி கொடுத்து, ஆதிமனிதர்களாக ஊர்வலம் விட்டார்கள். ஆதிமனிதர்களில் பாதிப் பேர் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார்கள். பேக்கரிக்காரர் பேழை வடிவில் கேக் செய்து, உள்ளே சாக்லேட்டில் ஓர் எலும்புக்கூட்டையும் படுக்க வைத்திருந்தார். தொல்லியல் பேராசிரியர் ஒருவரை வரவழைத்து, நம் மண்ணும் மக்களும் என்று பேசச் சொன்னார்கள். அவர் பேச எழுந்தபோது எதிரே இருந்தவர்கள் மைக்செட்காரரும், நிழலுக்கு ஒதுங்கிய ஓர் ஐஸ்காரரும்தான். மிச்ச ஊர் முழுவதும் மைதானத்தின் மறுகோடியில், பேழைச் சித்தரின் முன்னால் வரிசையில் நின்றது.

பேழைச் சித்தர் இமயமலையிலிருந்து இறங்கி வந்தவர் அல்ல. பெயர் மாரி. முன்பு தேங்காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்த்தவர். கையில் படுத்திருக்கும் தேங்காய் எங்கே எழுந்து நிற்கிறதோ அங்கே போர் போட வேண்டும். அந்த வட்டாரத்தில் அவர் சொல்லிப் போட்ட போர்களில் தண்ணீர் வந்ததோ இல்லையோ, நல்ல மாவு மாதிரி புழுதி வந்தது. ஜனங்கள் சட்டையைப் பிடிக்கத் தொடங்கியதும் மாரி யோசித்தார். தண்ணீர் இருக்கிறது என்று சொன்னால் மறுநாளே குட்டு வெளிப்படுகிறது. பூமிக்குள் பிணம் இருக்கிறது என்று சொன்னால் எவன் தோண்டிப் பார்க்கப் போகிறான்? அதே தேங்காய், அதே கை. தாடி மட்டும் புதிது. தோண்டிப் பார்த்தால் வம்சம் பூண்டோடு அழியும் என்று ஒரு நிபந்தனையையும் சேர்த்துக்கொண்டார். ஊரில் அன்று மூளையை உபயோகித்த ஒரே ஆள் அவர்தான் என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்.

வீடு வீடாகத் தேங்காய் எழுந்தது. உங்கள் வீட்டுக்கு அடியில் முன்னோர் படுத்திருக்கிறார், தாகத்தோடு இருக்கிறார், அதனால்தான் பையனுக்கு வேலை இல்லை, பெண்ணுக்கு வரன் இல்லை, இன்வெர்ட்டரில் சார்ஜ் நிற்கவில்லை என்றார் சித்தர். முதலில் ஜனங்கள் பயந்தார்கள். பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பயம் போட்டியாக மாறியது.

“எங்க வீட்ல ரெண்டு பேழை. ஒண்ணு ராணியாம்.”

“ராணியா? எங்க வீட்ல மந்திரி. உங்க ராணி, அந்தப்புரத்து வேலைக்காரியா இருக்கும். நல்லா கேட்டுப் பாருங்க.”

பேழை இல்லாத வீட்டார் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை. அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருந்த ஒருவர், கீழே இருக்கும் முன்னோரில் தனக்கும் பங்கு உண்டா என்று சித்தரிடமே கேட்டார். தட்சணை கொடுத்தால் உண்டு என்று பதில் வந்தது.

இதையெல்லாம் தீபலட்சுமி முதலில் சிரித்துக்கொண்டுதான் பார்த்தாள். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் பம்பு உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் அவளுக்குத் தரப் பரிசோதனை வேலை. மாமனார் ஜீவானந்தம் விழாக்குழுத் தலைவர். சித்தரை விழாவுக்கு அழைத்து, தனிப் பந்தலும் பெடஸ்டல் ஃபேனும் போட்டுக் கொடுத்த புண்ணியவான் அவர்தான். ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலத்தில் கடிதம் எழுதினால் காற்புள்ளி மாறாது. அந்தக் கையெழுத்தில்தான் அழைப்பிதழில் ‘தொல்லியல் ஞானி’ என்று சித்தரின் பெயருக்கு முன்னால் எழுதிக் கொடுத்திருந்தார்.

சிரிப்பு, சித்தர் அவர்கள் வீட்டுக்குள் காலை வைத்த அன்றோடு நின்றது.

மாமியார் சரசுவுக்குச் சில மாதங்களாகப் படியேறினால் மூச்சு வாங்கியது. இடது தோளில் ஒரு வலி வந்து வந்து போனது. தீபாதான் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் ட்ரெட்மில்லில் நடக்கவிட்டுப் பார்த்தார். பிறகு, ஆஞ்சியோ செய்து பார்த்துவிடலாம், தள்ளிப் போடாதீர்கள் என்றார். நாளும் குறித்தாயிற்று. சரசு அன்றைக்கே பாதி செத்துவிட்டாள்.

“கையில ஓட்டை போட்டு நெஞ்சு வரைக்கும் கம்பி விடுவாங்களாமே தீபா?”

“மெல்லிசு ட்யூப் அத்தை. வலிக்காது. நான் கூடவே இருப்பேன்.”

“நீ இருந்தா? கம்பி உன் நெஞ்சுக்கா போகப் போவுது?”

இப்படி இருந்த வீட்டுக்குள் சித்தர் வந்தார். கதவைத் திறந்துவிட்ட சரசு மூச்சு வாங்க நின்றதைப் பார்த்தார். ஃப்ரிட்ஜின் மேல் இருந்த மாத்திரை டப்பாவையும் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு, தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்து, வீடு முழுவதும் நடந்தார். சரசுவின் கட்டில் அருகே தேங்காய் எழுந்து நின்றது. சித்தர் டைல்ஸில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார்.

“ஒரு தளபதி. போரில் மாண்டவர். அம்மையே, உங்கள் நெஞ்சுக்கு நேர் கீழே அவர் நெஞ்சு. அவர் மூச்சுக்குத் தவிக்கிறார், உங்களுக்கு வாங்குகிறது. இது இருதயக் கோளாறு அல்ல.”

ஜீவானந்தத்தின் முகம் வெளுத்தது. கூடவே கொஞ்சம் மலரவும் செய்தது.

“தளபதியா சாமி? நிச்சயமா தளபதிதானே?”

“படைத் தளபதி. விழாவின் நிறைவு நாளில் மகா சாந்தி செய்கிறேன். அதுவரை அம்மா உடம்பில் கம்பியோ கத்தியோ படக்கூடாது. பட்டால் தளபதி போர்க்களம் என்று நினைத்துக்கொள்வார்.”

ஜீவானந்தம் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, தேதியை மாற்றச் சொன்னார். சாந்தி முடிந்தால் ஆஞ்சியோவே வேண்டியிருக்காது என்று சரசு சொன்னபோது அவள் கண்ணில் அத்தனை நிம்மதி. தீபா விடவில்லை. கணவன் பிரசன்னாவிடம் சொன்னாள். “அப்பா சொல்றாரு, விழா முடியட்டும். அம்மா மனசு தெம்பாயிடுச்சுல்ல?” என்று சொல்லிவிட்டு அவன் ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போனான்.

பக்கத்து வீட்டு ஈவ்லினிடம் போய் அழாக்குறையாகச் சொன்னாள். ஈவ்லின் ஹைஸ்கூலில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாடகர் குழுவில் முன்வரிசை. அவராவது புரிந்துகொள்வார் என்று நினைத்தாள்.

“தீபா, பாஸ்டர் காதுக்குப் போயிடக் கூடாது. எங்க வீட்லயும் பார்த்தாச்சு. போர்வெல்லுக்குக் கீழே ஒரு புலவர் இருக்காராம்.”

“அக்கா! அந்த போர்வெல்லுக்கு எடம் பார்த்துக் கொடுத்ததே இந்த மாரிதானே? சொட்டுத் தண்ணி வரலையே!”

“அதைத்தான் கேட்டேன். கீழே பேழை அடைச்சுக்கிட்டு இருந்தா தண்ணி எப்படி வரும்னு கேட்டாரு. கரெக்ட்டுதானே?”

கணக்கு டீச்சருக்கே கணக்கு இப்படி நேரானால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டாம். தன் தோல்வியையே சாட்சிக்கூண்டில் ஏற்றிச் சத்தியம் செய்ய வைத்த மாரியின் சாமர்த்தியத்தை நினைத்து, தீபாவுக்குக் கோபத்தோடு ஒரு வியப்பும் வந்தது.

அவள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. புது அளவுக்கருவி வந்தால், அது காட்டுவதை உடனே நம்ப மாட்டார்கள். அளந்த பீஸையே, அளக்கிறவருக்குத் தெரியாமல் மற்ற பீஸ்களோடு கலந்து மறுபடி கொடுப்பார்கள். இரண்டு தடவையும் ஒரே அளவு காட்டினால் கருவி உள்ளே போகும். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று காட்டினால் குப்பைக்குப் போகும். கருவி எந்த நாட்டில் செய்தது, எவ்வளவு பளபளப்பு, விற்க வந்தவர் எவ்வளவு இனிமையாகப் பேசினார் என்பதெல்லாம் கணக்கில் வராது.

சித்தர் இரண்டாம் தடவை வீட்டுக்கு வருவதாகச் சொன்ன அன்று, தீபா குங்குமப் பொட்டைத் துடைத்தாள். தரை கழுவ வேண்டும் என்று சொல்லி, சரசுவின் கட்டிலை ஹாலுக்கு மாற்றிப் போட்டாள். சித்தர் தேங்காயோடு நடந்தார். பழைய அறையில் தேங்காய் அசையவில்லை. ஹாலில், கட்டிலுக்குப் பக்கத்தில் விறைப்பாக எழுந்து நின்றது.

“மாமா, பாருங்க!” தீபா துள்ளிவிட்டாள். “தளபதி அந்த ரூம்லதானே இருந்தாரு? கட்டில் எங்க போவுதோ அங்க தேங்காயும் எழுந்துக்குது!”

சித்தர் ஒரு வினாடிதான் விழித்தார்.

“ஐயோ,” என்றார், குரலைத் தாழ்த்தி. “தளபதி அம்மாவைத் தொடர்ந்து வர ஆரம்பித்துவிட்டார்.”

சரசு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மகா சாந்தியோடு ஒரு சிறப்புச் சாந்தியும் சேர்ந்தது. அன்று இரவு ஜீவானந்தம் மருமகளோடு பேசவில்லை. கட்டிலை நகர்த்தித் தளபதியைக் கிளப்பிவிட்டவள் அவள்தானாம். தீபா சமையலறையில் நின்று அழுதாள். அழுது முடித்தபோது ஒன்று மட்டும் புரிந்தது. பொய் சொல்கிறவனைச் சோதிக்கும் முன், அவன் ஓடக்கூடிய சந்துகளை எல்லாம் அடைத்துவிட வேண்டும். அதையும் அவன் கையாலேயே அடைக்க வைக்க வேண்டும்.

மறுநாளிலிருந்து அந்த வீட்டில் தேங்காய்ச் சாதம், தேங்காய்ச் சட்னி, தேங்காய்ப்பால், தேங்காய் பர்பி. தீபா கதவைத் தாளிட்டுக்கொண்டு, உள்ளங்கையில் தேங்காயை வைத்துப் பழகினாள். கீழே விழுந்து உடைந்ததெல்லாம் சாப்பாட்டுக்கு வந்தது.

“இவ்ளோ தேங்காய் போடாதம்மா, எனக்குக் கொலஸ்ட்ரால்,” என்றாள் சரசு.

“உங்களுக்குத்தான் தளபதி அத்தை. கொலஸ்ட்ரால் எங்க இருந்து வந்துச்சு?” என்றாள் தீபா.

நிறைவு நாள் வந்தது. மைதானத்து நடுவில், சித்தர் விழாவின் முதல் நாளிலேயே கண்டுபிடித்து வைத்திருந்த ராஜா, சுண்ணாம்பு வட்டத்துக்குள் பூமாலையோடு படுத்திருந்தார். அதாவது படுத்திருப்பதாக ஐதீகம். ஐதீகத்துக்கு வயது ஒரு வாரம். வட்டத்தைச் சுற்றி ஜனங்கள் கொண்டுவந்து வைத்த தேங்காய்கள் குவிந்திருந்தன. ஓரமாக உறியடி நடந்து முடிந்திருந்தது. கண்கட்டின இளைஞர்கள் பானையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்துவிட்டு, மஞ்சள் தண்ணீரில் நனைந்து நின்றார்கள். முன்வரிசையில் சரசு பட்டுப்புடவை கட்டி, ஆரத்தித் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். மைதானத்துக்கு வர நான்கு படி ஏறியதற்கே அவள் நெற்றி வியர்த்திருந்தது.

நன்றியுரை தீபலட்சுமி. தலைவரின் மருமகள் என்பதால் கொடுத்தது. நன்றியுரையை யாரும் கேட்பதில்லை என்ற தைரியத்தில் கொடுத்தது.

அவள் மைக்கைப் பிடித்து, பந்தல்காரரிலிருந்து பஜ்ஜிக்காரர் வரை நன்றி சொன்னாள். கடைசியாகச் சித்தர் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள்.

“சாமி, ஒரே ஒரு சந்தேகம். பத்தடி ஆழத்துல இருக்கற ராஜாவை உங்க கண்ணாலயா பார்த்தீங்க?”

“என் கண் என்னம்மா கண்? ஊனக்கண்!” சித்தருக்கு மைக் பிடித்திருந்தது. “பார்ப்பது தேங்காய். அதற்கு மூன்று கண்.”

கைதட்டல்.

“ராஜா எழுந்து வேற எடத்துக்குப் போயிட மாட்டாரே? எங்க வீட்டுத் தளபதி மாதிரி?”

“அலைகிறவன் சேவகன். ராஜா அசைவாரா? மூவாயிரம் வருடமாக அதே இடம்!”

இன்னும் பெரிய கைதட்டல்.

“மேல மண்ணு, கான்கிரீட்டு, இரும்புன்னு எது இருந்தாலும் அந்த சக்தி தடைபடாதா?”

“இரும்பையும் துளைக்கும் அம்மா!”

விசிலடித்தார்கள். சித்தர் மூன்று சந்துகளையும் தன் கையாலேயே அடைத்து முடித்திருந்தார். அது அவருக்குத் தெரியவில்லை.

“அப்படின்னா நம்ம ஊருக்கு ஒரு பெரிய பெருமை,” என்றாள் தீபா, சபையைப் பார்த்து. “சாமி இப்போ ஊனக்கண்ணைக் கட்டிக்கிட்டு, வெறும் தேங்காயை வெச்சே ராஜாவை மறுபடி கண்டுபிடிக்கப் போறாரு. யாரும் சத்தம் போட்டு எடம் காட்டக் கூடாது. வீடியோ எடுக்கறவங்க எடுத்துக்கலாம்.”

மைதானம் அதிர்ந்தது. ஆயிரம் செல்போன்கள் உயர்ந்தன. சித்தர் வாயைத் திறந்தார், மூடினார், ஜீவானந்தத்தைப் பார்த்தார். ஜீவானந்தம் பூரித்துப்போய்க் கைதட்டிக்கொண்டிருந்தார்.

உறியடித் துணியைச் சித்தர் கண்ணில் கட்டினார்கள். மூக்கோரம் இடுக்கு வழியாகப் பார்க்கிற வித்தை உறியடிப் பையன்களுக்கே தெரியும் என்பதால், அதற்கு மேல் பிரசன்னாவின் முழு ஹெல்மெட்டை மாட்டினாள் தீபா. அதன் முன்கண்ணாடியில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தது. காவி வேட்டி, ருத்திராட்சம், ஹெல்மெட், கையில் தேங்காய். உறியடிக்காரர்களே அவரை வழக்கப்படி மூன்று சுற்றுச் சுற்றிவிட்டார்கள்.

“இன்னாம்மே இது… தல சுத்துது,” என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து மாரியின் பழைய குரல் கேட்டது.

அவர் தயங்கித் தயங்கி நடந்தார். அடிக்கொரு தரம் நின்று காது கொடுத்தார். கூட்டத்தில் யாராவது ‘ஆ’ என்றால் போதும், ‘அங்கே அங்கே’ என்றால் போதும், ராஜா கிடைத்துவிடுவார். பக்தர்கள் சிலருக்கு நாக்கு நுனியில் வந்தும்விட்டது. அந்த நேரம் பார்த்து மேற்கே இரைச்சல் கேட்டது. விமானம் ஒன்று தாழ்ந்து வந்தது. மொத்த ஊரும், பிறந்ததிலிருந்து வந்த பழக்கப்படி, வாயை மூடிக்கொண்டது. சித்தர் அந்த இரைச்சலுக்குள் நேராகச் சுண்ணாம்பு வட்டத்துக்குள் போனார். ராஜாவின் நெஞ்சின்மேல் ஏறி நின்றார். மாலையை மிதித்தார். தேங்காய் தூங்கிக்கொண்டிருந்தது. வட்டத்தைக் கடந்து போனார். விமானம் போனதும், இனித் தாங்காது என்று முடிவு செய்தவர் போலச் சடாரென நின்றார். தேங்காய் எழுந்து விறைப்பாக நின்றது.

“கீறாரு! ராஜா இங்க கீறாரு!” என்று கூவினார்.

அவர் முன்னால் விழாக்குழு வாடகைக்கு எடுத்து நிறுத்தியிருந்த நடமாடும் கழிப்பிடம் இருந்தது.

ஒரு வினாடி யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை. பஜ்ஜிக்காரர்தான் முதலில் சிரித்தார். “சாமி இன்னொரு தடவை பார்க்கட்டும், பாவம்,” என்றாள் தீபா. மறுபடி சுற்றிவிட்டார்கள். இந்தத் தடவை ராஜா ஜெனரேட்டருக்கு அடியில் இருந்தார். இன்னொரு தடவை கரும்புச்சாறு வண்டியின் கீழே இருந்தார். கம்பெனியில் என்றால் அந்தக் கருவி இரண்டாவது அளவிலேயே குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கும்.

ஜீவானந்தமே போய் ஹெல்மெட்டைக் கழற்றினார். சித்தர் தாடியெல்லாம் வியர்வையோடு சுற்றிலும் பார்த்தார்.

“ஹெல்மெட்டுதான்! அதுல கெட்ட சக்தி கீது!”

“இரும்பையே துளைக்கும்னு சொன்னீங்களே சாமி? இது வெறும் பிளாஸ்டிக்குதான்.”

“பேஜார் பண்ணாத மா! நானும் பொறுத்துகினு கீறேன்.” சித்தர் கையை நீட்டி முன்வரிசையைக் காட்டினார். கண்ணில் வெறி. “தோ, அந்தம்மா! சந்தேகப்பட்ட வூடு அது. தளபதி நெஞ்சுல ஏறிட்டாரு. பொழுது விடியறதுக்குள்ள பாரு இன்னா ஆவுதுன்னு!”

சரசுவின் கையிலிருந்து ஆரத்தித் தட்டு விழுந்தது. அவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். தீபா மேடையிலிருந்து குதித்து ஓடினாள். மாமியார் முன்னால் மண்டியிட்டாள். ஒரு கணம், இத்தனை பேர் நடுவில் இந்த விளையாட்டை ஆடியிருக்கக் கூடாதோ என்று பயந்தும் போனாள்.

“அத்தை, என்னைப் பாருங்க. மூச்சை மெதுவா விடுங்க. தளபதி யாரும் இல்ல. நீங்களே பாருங்க.”

குவியலிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து, தன் உள்ளங்கையில் படுக்க வைத்தாள். விரல்நுனியைக் கொஞ்சமே கொஞ்சம் தாழ்த்தினாள். பார்க்கிறவருக்குக் கை அசைந்ததே தெரியவில்லை. தேங்காய் எழுந்து நின்றது. பிறகு அதைச் சரசுவின் கையில் வைத்து, அடியில் தன் கையைக் கொடுத்துச் சாய்வைக் காட்டிக்கொடுத்தாள். ஒரு தரம் விழுந்தது. மறுதரம் எழுந்தது.

சரசு தன் கையில் நின்ற தேங்காயைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மெல்ல எழுந்து, சித்தரிடம் நடந்தாள். அந்தச் சின்னத் தூரத்துக்கே மூச்சு வாங்கியது.

“ஏம்ப்பா மாரி,” என்றாள். “எனக்கும் எழுந்துக்குது. அப்ப நானும் சித்தரா? உன்னை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாம உக்காந்திருந்தேனே. என் உசிரு உனக்கு வெளாட்டா?”

கூட்டம் தேங்காய்க் குவியலில் பாய்ந்தது. அங்கே இங்கே என்றில்லாமல் மைதானம் முழுக்கத் தேங்காய்கள் எழுந்தன. அந்தக் கணக்குப்படி அந்த மைதானத்தில் ராஜாக்களைத் தவிர யாரும் புதைந்திருக்கவில்லை. ஈவ்லினும் ஒரு தேங்காயை எழுப்பிப் பார்த்துவிட்டு, “அடப்பாவி, என் போர்வெல்லு!” என்று அலறினார். கொடுத்த தட்சணையைத் திருப்பிக் கேட்டவர்கள் சித்தரின் வேட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். போலீஸ் வந்து அவரை வேனில் ஏற்றியபோது, ஒரு பெரியவர் மட்டும் ஜன்னலருகே ஓடிவந்து கேட்டார்.

“மத்ததெல்லாம் பொய்யா இருக்கட்டும். எங்க வீட்டு ராணி நெஜம்தானே?”

மறுநாள் காலையிலேயே சரசுவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இருதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்றில், தொண்ணூறு சதவீதம் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டர் திரையில் அந்த இடத்தைக் காட்டினார். ஜீவானந்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப் போட்டிருந்தா, டாக்டர்?”

டாக்டர் அவரைப் பார்த்தார். திரையில் அந்த அடைப்பை மறுபடி சுட்டிக்காட்டினார். ஜீவானந்தம் வெளியே வந்து மருமகளின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆங்கிலத்தில் அத்தனை கடிதம் எழுதிய மனிதருக்குத் தமிழில் ஒரு வாக்கியம் வரவில்லை. தீபாவின் கையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

சரசு வீடு திரும்பியதும் பார்க்க வந்தவர்கள் ஏராளம். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்தார்கள். ராணி வீட்டுப் பெரியவரின் மனைவி கட்டிலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“ஆபரேஷன் பண்ணதெல்லாம் சரி. ஆனா கட்டில் வடக்கு பார்த்து இருக்கே சரசு? தாம்பரத்துல ஒருத்தர் இருக்காரு, எலுமிச்சம்பழத்தை உருட்டியே சொல்லிடறாரு…”

“அவரை வரச் சொல்லுங்க,” என்றாள் சரசு, படுத்தபடியே. “தீபா, அந்த ஹெல்மெட்டை எடுத்து வெளியில வைம்மா.”

இந்த மண்ணில் மூவாயிரம் வருடத்துக்கு முன்னால் வாழ்ந்தவர்கள், மண்ணைப் பிசைந்து பார்த்தார்கள், சுட்டுப் பார்த்தார்கள், உடைந்ததை எறிந்துவிட்டு வேறு பக்குவத்தில் மறுபடி சுட்டார்கள். சோதித்துச் சோதித்துச் செய்ததால்தான் அவர்கள் பேழை இத்தனை காலம் மண்ணுக்குள் உடையாமல் கிடந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு விழா எடுக்கிற குன்றடிமேட்டாரே, ஃப்ளெக்ஸில் அடுத்த வருடம் நாலாயிரம் என்றுகூடப் போட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் விட்டுப் போன சொத்து மியூசியத்தில் இல்லை, உங்கள் கழுத்துக்கு மேலே இருக்கிறது. அது ஹெல்மெட் மாட்டுவதற்கு மட்டும் அல்ல.